சூரைச்செடியின் கீழே ஒரு ஆத்துமா



   

இந்த மாதச் செய்திக்காக நான் ஜெபத்தில் காத்திருந்தபோது, கர்த்தர் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை என் உள்ளத்தில் வைத்தார். இந்த அதிகாரத்தை நான் எத்தனையோ கூட்டங்களில் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் இந்த முறை இதைப் பிரசங்கமாக எழுதவில்லை. ஒரு ஊழியக்காரன் தன் சபைக்கு முன்பாகச் செய்கிற அறிக்கையாகவே எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

நான் செய்த தவறு

2016-ம் வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நம் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு இளம் சகோதரி கைக்குழந்தையோடு ஓரமாக நின்றார்கள். பிரசவமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எல்லாரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார்கள்.

"பாஸ்டர், எனக்கு ஜெபிக்கவே முடியல. பைபிளைத் திறந்தா எழுத்து கண்ணுல ஏறமாட்டேங்குது. பிள்ளை அழுதாலும் தூக்கணும்னு தோணல. ராத்திரியெல்லாம் கண்ணை முழிச்சுக்கிட்டே கிடக்கேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாரோன்னு பயமா இருக்கு பாஸ்டர்."

அன்றைக்கு நான் காலையிலிருந்து வேலைக்குப் போய்விட்டு நேராக ஆராதனைக்கு வந்திருந்தேன். அடுத்ததாக ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போக வேண்டும். கையில் வண்டிச் சாவி. நின்றபடியே அவர்களுக்குப் பதில் சொன்னேன். "சிஸ்டர், இது சத்துருவின் தந்திரம். உங்க விசுவாசம் குறைஞ்சிருக்கு. அதனாலதான் சந்தோஷம் போயிடுச்சு. மூணு நாள் உபவாசம் எடுங்க. ராத்திரி எழும்பி ஜெபம் பண்ணுங்க. எல்லாம் சரியாயிடும்." இப்படிச் சொல்லி, தலையில் கை வைத்து இரண்டு நிமிஷம் சத்தமாய் ஜெபித்து அனுப்பிவிட்டேன். எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. ஒரு ஆத்துமாவுக்கு ஆலோசனை கொடுத்துவிட்டேன் அல்லவா!

அந்தச் சகோதரி கீழ்ப்படிதலுள்ளவர்கள். பால் கொடுக்கிற தாய், மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தார்கள். ஏற்கெனவே தூக்கமில்லாதவர்கள், ராத்திரியில் எழும்பி முழங்காலில் நின்றார்கள். மூன்றாம் நாளும் சந்தோஷம் வரவில்லை. "பாஸ்டர் சொன்னபடி செய்தும் ஆண்டவர் கேக்கலையே, அப்போ என்னை அவர் நிச்சயமா தள்ளிட்டார்" என்று அவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். அந்த ராத்திரி தன் ஜீவனையே முடித்துக்கொள்ளும்படி வீட்டைவிட்டு வெளியே போனார்கள். கதவு திறக்கிற சத்தம் கேட்டு மாமியார் எழும்பி, பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். கர்த்தர் அந்த அம்மாவின் கண்ணுக்கு அன்றைக்குத் தூக்கம் கொடுக்காமல் இருந்தாரே, அதற்காக நான் இன்றைக்கும் அவரைத் துதிக்கிறேன்.

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பரிசோதித்த டாக்டர், இது பிரசவத்துக்குப் பின் சில தாய்மாருக்கு வருகிற மனச்சோர்வு நோய், சிகிச்சையால் குணமாகும் என்றார். எனக்குத் தகவல் வந்தபோது நான் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கால் நடுங்கியது.

பிரியமானவர்களே, அந்த ராத்திரி நான் வேதத்தைத் திறந்தபோதுதான் 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம் என் முன்னால் நின்றது. சாக விரும்பின எலியாவைப் பார்த்து, எழுந்து சாப்பிடும்படி தேவதூதன் சொன்னான். சாக விரும்பின என் சகோதரியைப் பார்த்து, சாப்பிடாதே என்று நான் சொன்னேன். தூங்கினவனைக் கர்த்தர் மறுபடியும் தூங்கவிட்டார். தூக்கமில்லாதவளை நான் எழுப்பிவிட்டேன். தேவன் செய்ததற்கு நேர் எதிராகச் செய்துவிட்டு, அதற்குத் தேவனுடைய நாமத்தையும் சூட்டியிருந்தேன்.

வேதாகமக் கல்லூரியில் எனக்குப் பிரசங்கம் பண்ணக் கற்றுக் கொடுத்தார்கள். தேர்வு எழுதி டிப்ளமோ வாங்கினேன். ஆனால் உடைந்து போன ஒரு ஆத்துமாவின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்பதை, இந்த ஒரு அதிகாரத்தின் மூலமாகக் கர்த்தர்தாமே எனக்குக் கற்றுக் கொடுத்தார். அதைத்தான் இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன். இது பாஸ்டர்மாருக்கு மட்டும் அல்ல. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி அப்போஸ்தலனாகிய பவுல் சபை முழுவதுக்கும் அல்லவா எழுதினான் (கலாத்தியர் 6:2).

1. முதலாவது, சரீரத்தைக் கவனித்தார்

எலியா யார்? கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கின தீர்க்கதரிசி. மழைக்காக ஏழுதரம் ஜெபித்தவன். கர்மேலிலிருந்து யெஸ்ரயேல் மட்டும், ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஆகாபின் இரதத்துக்கு முன்னே ஓடினவன். அடுத்து யேசபேலின் மிரட்டல் வந்தது. அங்கிருந்து பெயெர்செபாவுக்கு ஓடினான். அது 150 கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கே வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் இன்னும் ஒரு நாள் பிரயாணம் தன்னந்தனியாக நடந்தான். சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, பேசுவதற்கு ஆள் இல்லை, தலைக்குமேல் பயம். கடைசியில் ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, போதும் ஆண்டவரே, என் ஜீவனை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டான்.

கவனியுங்கள்! அவனுக்கு விசுவாசம் இல்லையா? அக்கினியை இறக்கினவனுக்கா விசுவாசம் இல்லை? அபிஷேகம் இல்லையா? பெரிய எழுப்புதலுக்கு அடுத்த நாட்களில்தான் இது நடந்தது. ஆவிக்குரிய மனுஷனும் சோர்ந்து போவான். யாக்கோபு எழுதும்போது, எலியா நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன்தான் என்று சொல்லுகிறான் (யாக்கோபு 5:17).

தேவன் அவனுக்கு முதலாவது என்ன அனுப்பினார்? கண்டன வார்த்தையை அனுப்பவில்லை. ஒரு தூதன் வந்து அவனைத் தொட்டான். தழலில் சுட்ட அடை இருந்தது, தண்ணீர் இருந்தது. அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் கோபிக்கவில்லை. தூங்கவிட்டு, இரண்டாம் தரமும் வந்து தொட்டு, போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். ஒரு பிரசங்கமும் இல்லை. தொடுதல், ஆகாரம், தண்ணீர், தூக்கம். இதுதான் பரலோகம் கொடுத்த முதல் கவுன்சலிங்!

நாம் வெறும் ஆவி அல்ல. மண்ணினால் உருவாக்கப்பட்டவர்கள். நாம் மண் என்பதைத் தேவன் நினைவில் வைத்திருக்கிறார் என்று 103-ம் சங்கீதம் சொல்லுகிறது. நாம்தான் மறந்துவிடுகிறோம். ஒருவர் வந்து "மனசே சரியில்ல பாஸ்டர்" என்று சொன்னால், இப்போதெல்லாம் நான் முதலாவது கேட்பது, "சாப்பிட்டீங்களா? எத்தனை மணி நேரம் தூங்குறீங்க? சர்க்கரை, தைராய்டு ஏதாவது இருக்கா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்பதுதான்.

மருத்துவரிடம் போவது அவிசுவாசமா? பவுல் தன் ஆவிக்குரிய மகனாகிய தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்கு அந்தக் காலத்து வைத்தியத்தையே எழுதி அனுப்பினான் (1 தீமோத்தேயு 5:23). கர்ச்சீப்புகளையும் கச்சைகளையும் கொண்டு அற்புதங்கள் நடந்த அதே பவுல்தான்! அவனோடுகூட இருந்த லூக்கா ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14). தெய்வீக சுகத்தை நான் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். ஆனால் ஜெபத்தைக் கேட்கிற அதே தேவன்தான் மருந்துக்குள் குணத்தையும் வைத்திருக்கிறார். ஒருவரும் என் பேரைச் சொல்லியோ, வேறு எந்த ஊழியக்காரர் பேரைச் சொல்லியோ மனநோய்க்கான மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. அதைக் குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்ல வேண்டிய காரியம்.

சிலர் உடனே, "பாஸ்டர், இது பிசாசின் கட்டாக இருந்தால்?" என்று கேட்பார்கள். பிசாசு உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இயேசுவின் நாமத்தில் அவன் ஓடத்தான் வேண்டும். ஆனால் மத்தேயு 4:24-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பிசாசு பிடித்தவர்களும், சந்திரரோகிகளும், திமிர்வாதக்காரரும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறார்கள். வேதமே பிரித்துச் சொல்லுகிறதை நாம் ஏன் ஒன்றாகக் கலக்க வேண்டும்? வியாதியாயிருக்கிற ஒரு தாயைப் பார்த்து "உனக்குள்ள பிசாசு இருக்கு" என்று சொல்லுவது, காயத்தின்மேல் கல்லைத் தூக்கிப் போடுவது போல.

2. இரண்டாவது, கேட்டார்

எலியா அந்த ஆகாரத்தின் பலத்தினால் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்கு வந்தான். அங்கேதான் கர்த்தர் பேச ஆரம்பித்தார். எப்படி ஆரம்பித்தார்? கேள்வியோடு! இங்கே உனக்கு என்ன காரியம் என்று கேட்டார். எல்லாம் அறிந்த தேவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எலியா தன் வாயினாலே தன் பாரத்தைக் கொட்ட வேண்டும் என்று விரும்பினார். எலியா கொட்டினான். பக்தி வைராக்கியம் பாராட்டினேன், பலிபீடங்களை இடித்தார்கள், தீர்க்கதரிசிகளைக் கொன்றார்கள், நான் ஒருவன் மாத்திரம் மீதி, என் பிராணனையும் தேடுகிறார்கள் என்று சொன்னான். கர்த்தர் குறுக்கே பேசவில்லை. பிறகு காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து போய், மெல்லிய சத்தத்தோடு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். எலியாவும் அதே பதிலை அப்படியே திருப்பிச் சொன்னான். "இதைத்தான் முன்னாடியே சொன்னியே" என்று தேவன் சலித்துக்கொள்ளவில்லை.

உடைந்த மனுஷன் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவான். விதவையான தாய் புருஷனுடைய கடைசி ராத்திரியைப் பத்துத் தரம் சொல்லுவார்கள். பத்தாம் தரமும் கேட்க நமக்குப் பொறுமை உண்டா? கேட்குமுன் பதில் சொல்லுகிறவனை வேதம் புத்தியில்லாதவன் என்கிறது (நீதிமொழிகள் 18:13). மனுஷனுடைய இருதயத்தின் யோசனையை ஆழமான தண்ணீருக்கும், புத்தியுள்ளவனை அதை மொண்டெடுக்கிறவனுக்கும் ஒப்பிட்டுச் சாலொமோன் எழுதியிருக்கிறான் (நீதிமொழிகள் 20:5). ஆழக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிற பெண்களைக் கேளுங்கள். கயிற்றை அவசரமாக இழுத்தால் வாளி சுவரில் இடித்து, மேலே வரும்போது பாதித் தண்ணீர்கூட இருக்காது. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு எப்படித் தண்ணீர் கிடைக்கும்?

யோபுவின் சிநேகிதரைப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல ஆலோசகர்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டார்கள்! கடைசியில், அவர்களுக்காக யோபுதான் ஜெபம் பண்ண வேண்டியதாயிற்று.

3. மூன்றாவது, வியாதிக்கு ஏற்ற மருந்து கொடுத்தார்

எலியா சொன்னதில் ஒரு தவறும் இருந்தது. நான் ஒருவனே மீதி என்றான். அது உண்மையல்ல. பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேரைக் கர்த்தர் மீதி வைத்திருந்தார். அந்த உண்மையைக் கர்த்தர் மறைக்கவில்லை, சொன்னார். ஆனால் எப்போது சொன்னார்? சாப்பிட வைத்து, தூங்க வைத்து, நாற்பது நாள் நடத்தி, இரண்டு தரம் கேட்ட பிறகு சொன்னார். பசியோடு விழுந்து கிடந்தவன் காதில் முதல் நாளே ஏழாயிரம் கணக்கைச் சொல்லியிருந்தால் அது ஏறியிருக்குமா?

1 தெசலோனிக்கேயர் 5:14-ல் பவுல் மூன்று விதமானவர்களைப் பற்றிச் சொல்லுகிறான். ஒழுங்கில்லாமல் நடக்கிறவன் ஒருவன், அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும். மனம் தளர்ந்தவன் ஒருவன், அவனைத் தேற்ற வேண்டும். பலவீனன் ஒருவன், அவனைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிறகு மூன்று பேரிடத்திலும் பொறுமையாயிருக்கச் சொல்லுகிறான். கிரேக்க மொழியில் இந்த மூன்று செயலுக்கும் வெவ்வேறு வார்த்தைகள். மூன்று வியாதி, மூன்று மருந்து. நாம் என்ன செய்கிறோம்? தளர்ந்து போனவனுக்குப் புத்தி சொல்லுகிறோம். துணிகரமாய்ப் பாவம் செய்கிறவனைப் பெரிய மனுஷன், காணிக்கை கொடுக்கிறவன் என்று தேற்றிக்கொண்டிருக்கிறோம். பலவீனனை விட்டே விடுகிறோம். மருந்து மாறினால் நோயாளி சாவான்.

அப்படியானால் பாவத்தைக் கண்டிக்க வேண்டாமா? வேண்டும்! நாத்தான் தாவீதினிடம் போனான். ஆனால் சிங்காசனத்துக்கு முன் கூட்டம் கூட்டிச் சத்தம் போடவில்லை. ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, தாவீதே தன் பாவத்தைத் தான் காணும்படி செய்தான். அறிக்கை செய்தவுடனே மன்னிப்பின் வார்த்தையையும் சொன்னான் (2 சாமுவேல் 12). கலாத்தியர் 6:1-ல் தவறினவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தும்படி சொல்லியிருக்கிறது. அங்கே வருகிற கிரேக்க வார்த்தைதான், மத்தேயு 4:21-ல் செபெதேயுவின் குமாரர் வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது. வலை கிழிந்தால் மீனவர் அதைத் தூக்கி எறிகிறார்களா? கரையில் உட்கார்ந்து, மடியில் போட்டு, ஒவ்வொரு கண்ணியாகக் கோர்க்கிறார்கள். அதற்குப் பலம் அல்ல, பொறுமைதான் வேண்டும்.

4. நான்காவது, தனிமையில் விடவில்லை

கர்த்தர் எலியாவுக்கு மறுபடியும் வேலை கொடுத்தார். ஆசகேலையும் யெகூவையும் எலிசாவையும் அபிஷேகம்பண்ணச் சொன்னார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவனுக்கு, கூடவே நடக்க ஒரு எலிசாவைக் கொடுத்தார். "நீ சோர்ந்து போனவன், இனி உனக்கு ஊழியம் இல்லை" என்று ஒதுக்கவில்லை. சோர்விலிருந்து வந்தவர்களைச் சபையில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லுகிறேன். அடிமைக் கப்பலின் தலைவனாயிருந்து பிறகு ஊழியத்துக்கு வந்த ஜான் நியூட்டனை உங்களுக்குத் தெரியும். 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதினவர். அவர் 1764-ல் இங்கிலாந்தில் ஓல்னி என்கிற சிற்றூருக்கு ஊழியராகப் போனார். 1767-ல் வில்லியம் கூப்பர் என்கிற கவிஞர் அந்த ஊருக்குக் குடிவந்தார். இயேசுவின் இரத்த ஊற்றைப்பற்றி அவர் எழுதின பாட்டைக் கேட்டு எத்தனையோ பேர் இரட்சிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூப்பருக்கு வாலிப வயதிலிருந்தே கொடிய மனச்சோர்வு நோய் இருந்தது. 1773-ல் அது மறுபடியும் தாக்கியது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினார். தற்கொலைக்கும் முயன்றார்.

நியூட்டன் என்ன செய்தார்? அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஒரு நாள் அல்ல, ஒரு வாரம் அல்ல, ஒரு வருஷத்துக்கும் மேலாக! கூப்பர் ஜெபக்கூட்டத்துக்கு வரவில்லை, ஆலயத்துக்கும் வரவில்லை. ஆனாலும் நியூட்டன் கைவிடவில்லை. 1779-ல் நியூட்டன் வெளியிட்ட ஓல்னி பாடல் புத்தகத்தில் கூப்பருடைய பாடல்கள் 60-க்கும் மேல் இருக்கின்றன. நியூட்டன் லண்டனுக்கு மாறிப்போன பிறகும் அவர்கள் சிநேகம் கடிதங்கள் மூலம் தொடர்ந்தது. 1800-ல் கூப்பர் இறக்கும்வரை அந்த நோய் அவரை முழுவதுமாக விடவில்லை. ஆனாலும் அவர் தேவனுடைய பிள்ளையல்ல என்று நியூட்டன் ஒருநாளும் நினைக்கவில்லை.

இதை ஏன் சொல்லுகிறேன்? நம்முடைய பத்திரிகைகளில் உடனே சுகமான சாட்சிகளை மட்டும்தான் போடுகிறோம். சுகமாகாமலே ஆண்டவரைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் அதை வாசித்து உள்ளுக்குள் அழுகிறார்கள். தேவ பிள்ளையே, நீ ஆண்டவரைப் பிடித்திருப்பதினால் அல்ல, அவர் உன்னைப் பிடித்திருப்பதினால்தான் நீ நிற்கிறாய். நெரிந்த நாணலை அவர் முறிக்கிறவர் அல்ல (ஏசாயா 42:3).

சபையில் நாம் செய்யவேண்டிய காரியங்கள்

முதலாவது, இரகசியம் காக்க வேண்டும். ஒரு சகோதரி கண்ணீரோடு ஒரு காரியத்தைச் சொல்லுகிறார்கள். அது மறுநாள் வேறு ஒரு வீட்டில் "ஜெபக் குறிப்பு" என்ற பேரில் போகிறது. "சிஸ்டர், அந்தக் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க, நான் எதுவும் சொல்லல..." என்று ஆரம்பித்து எல்லாம் சொல்லியாகிவிடுகிறது! இது ஜெபம் அல்ல, புறங்கூறுதல். நானும் ஒரு தனிமனுஷன் என்னிடம் சொன்னதைப் பிரசங்க பீடத்திலிருந்து சாடையாகப் பேசியிருக்கிறேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக. இனி அது நடக்காது.

ஆனால் ஒரு காரியத்தில் இரகசியம் கிடையாது. சிறுபிள்ளைகளுக்கு விரோதமான பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால், அதை "சபைக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்று மூடக்கூடாது. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். சிறியவர்களை இடறப் பண்ணுகிறவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்ன எந்திரக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சகோதரிகளுக்கு மூத்த சகோதரிகள் ஆலோசனை சொல்ல வேண்டும். தீத்து இரண்டாம் அதிகாரத்தில் அந்த ஒழுங்கு இருக்கிறது. நான் ஒரு சகோதரியிடம் பேசினால் என் மனைவியோ ஒரு மூத்த தாயாரோ கூட இருப்பார்கள். கதவு திறந்திருக்கும்.

மூன்றாவது, நம் அளவை நாம் அறிந்திருக்க வேண்டும். சோர்வு, தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது சாவைப்பற்றிப் பேசினால் "சும்மா சொல்றாங்க" என்று விட்டுவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே உதவிக்குக் கொண்டுபோங்கள். 2022 அக்டோபரில் அரசாங்கம் ஆரம்பித்த டெலி மானஸ் என்கிற இலவச உதவி எண் 14416. இரவும் பகலும் தமிழில் பேசலாம். இந்த எண்ணை உங்கள் பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். "போலீஸ் கேஸ் ஆகுமே" என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். 2017-ம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுக்கச் சொல்லுகிறது.

நான்காவது, வசனத்தைக் கல்லாக எறியாமல் அப்பமாகக் கொடுங்கள். பத்து வசனம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு வசனத்தை மெதுவாக வாசியுங்கள். ஜெபிக்க முடியாதவர்களிடம் "நீங்க ஜெபிக்க வேண்டாம், நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன், நீங்க உட்கார்ந்திருந்தா போதும்" என்று சொல்லுங்கள். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு போய்க் கூரையைப் பிரித்து இறக்கினார்களே! ஆண்டவர் அந்த நாலு பேருடைய விசுவாசத்தையும் அல்லவா பார்த்தார்!

அந்தச் சகோதரிக்கு என்ன ஆயிற்று?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டாரிடம் நான் என்ன சொல்லுவது? "அம்மா, நான் தப்பா சொல்லிட்டேன். நீங்க பேசினதை நான் கேக்கவே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். மாமியார் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்கள். "போங்க வெளியே" என்று சொல்லுவார்களோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டில் சூடாக இட்லி கொண்டுவந்து வைத்து, "முதல்ல சாப்பிடுங்க பாஸ்டர்" என்றார்கள். வேதம் அதிகம் படிக்காத அந்தத் தாய்க்குத் தெரிந்தது, டிப்ளமோ வாங்கின எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பல மாதங்கள், என் மனைவி வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுவாள். அந்த நேரத்தில் சகோதரி தூங்குவார்கள். சபையில் மூன்று சகோதரிகள் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுபோனார்கள். மாத்திரையும் ஒழுங்காக எடுத்தார்கள். ஜெபமும் நடந்தது. ஒரு நாள் அவர்களாகவே "பாஸ்டரம்மா, இன்னைக்கு ஒரு சங்கீதம் வாசிச்சேன்" என்றார்களாம். என் மனைவி வீட்டுக்கு வந்து சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். கர்த்தருடைய மெல்லிய சத்தம் அவர்கள் காதில் விழ ஆரம்பித்துவிட்டது.

இன்று அந்தப் பிள்ளை ஓய்வுநாள் பள்ளியில் முன்வரிசையில் உட்கார்ந்து வசனம் ஒப்பிக்கிறது. தாயும் புதிதாய்ப் பிரசவித்த சகோதரிகள் வீட்டுக்கு முதலாவது ஓடுகிறவர்களாக இருக்கிறார்கள். இதை நான் எழுதின பிறகு, அவர்களே முழுவதும் வாசித்துப் பார்த்து, "போடுங்க பாஸ்டர், வேற யாராவது ஒருத்தர் தப்பிச்சா போதும்" என்று சொன்ன பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன். சகல மகிமையும் கர்த்தருக்கே!

பிரியமானவர்களே, எழுப்புதலுக்காக நாம் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். கர்மேலின் அக்கினி நமக்கு வேண்டும். ஆனால் கர்மேலுக்கு அடுத்த நாள் சூரைச்செடியின் கீழே விழுந்து கிடக்கிறவர்களை யார் போய்த் தொடுவது? ஆராதனை முடிந்தவுடன் அவசரமாகப் போகாதீர்கள். ஓரத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். அங்கிருந்தே கர்த்தர் நடத்துவார்.

இந்த மாதம் இதை வாசிக்கிற யாராவது, "போதும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? என் வீட்டுக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. எந்த நேரமும் வாருங்கள். இந்த முறை நான் உட்கார்ந்து கேட்பேன்.

ஜெபிப்போம்:

அன்பும் இரக்கமும் நிறைந்த பரம தகப்பனே, சோர்ந்து போன உம்முடைய ஊழியக்காரனுக்கு அடையும் தண்ணீரும் அனுப்பினவரே, உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். கேளாமல் பதில் சொன்ன எங்கள் அவசரத்தை மன்னியும். காயப்பட்டவர்களைக் காயப்படுத்தின எங்கள் நாவை இயேசுவின் இரத்தத்தினால் கழுவும். எங்கள் சபையில் தூக்கமில்லாமல் கிடக்கிற ஒவ்வொருவரையும் இந்த ராத்திரி தொடும். அவர்களிடம் போகும்படி எங்களை எழுப்பும். தேற்றரவாளனாகிய பரிசுத்த ஆவியானவர் எங்கள் காதுகளையும் கைகளையும் நிரப்புவாராக. இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்களுக்காக ஜெபிக்கிற சகோதரன்